நூறிதழ் ரோஜா

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சிதார் என்றதும் பண்டிட் ரவிசங்கர் நம் நினைவுக்கு வருவார். ஆனால் அச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. 'சே' என்றால் மூன்று. 'தார்' என்றால் தந்தி. ஈரானில் 'சேதார்' என்றே ஒரு கருவி உண்டு. அது நம் சிதாரைப் போல் பெரியதன்று. மல்பெரி மரத்தாலான சிறு குடம், நீண்ட கழுத்து, அவ்வளவே. சுட்டுவிரல் நகத்தால் மீட்டுவர். ஒலி மிக மெல்லியது; பக்கத்து அறைக்குக் கேட்டாலே அதிகம்!

இக்கருவியை முன்னிறுத்தி 1980-களின் முற்பகுதியில் வெளிவந்த இசைத்தொகுப்பே 'கோலே சத்பர்க்'. நூறிதழ் ரோஜா என்பது பொருள். இசையமைத்தவர் சேதார் கலைஞர் ஜலால் ஸுல்ஃபுனூன். பாடியவர் கெர்மான்ஷா நகரில் 1950-இல் பிறந்த குர்து இனத்தவரான ஷாராம் நாசேரி. 13-ஆம் நூற்றாண்டின் சூஃபி ஞானி ஜலாலுத்தீன் ரூமியின் கவிதைகளே தொகுப்பின் உயிர்.

அது எத்தகைய காலம்? 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மெல்லிசைப் பாடல்கள் வானொலியிலிருந்து மறைந்தன. ஆடவர் முன் பெண்கள் தனித்துப் பாடத் தடை வந்தது. 1980 செப்டம்பரில் ஈராக்குடன் மூண்ட போர் எட்டாண்டுகள் நீடித்தது. இசையே ஐயத்துக்குரியதாகிவிட்ட அந்நாளில், ரூமியின் சொற்களைத் தாங்கிய மரபிசைக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது. அறைக்குள் அடங்கும் சேதாரின் ஒலியை ஒலிநாடா வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

மக்களைக் கவர்ந்தது ஞானம் மட்டுமன்று, சந்தமும்தான். பாரசீக யாப்பு குறில் நெடில் அளவால் அமைவது. ரூமியிடம் அது துள்ளும். மரபுப் பாடகர்கள் நம் ஆலாபனை போல, தாளக்கட்டின்றிப் பாடும் 'ஆவாஸ்' முறைக்கே முதலிடம் தந்தனர். நாசேரியோ கவிதையின் சந்தத்தையே தாளமாக்கிக் கொண்டார். பாரசீகத்தில் ஓர் எழுத்தும் அறியாத எனக்கே கால் தானாகத் தாளம் போடுகிறது!

இயற்பியல் படிப்பவனுக்கு இதில் வேறொரு வியப்பும் உண்டு. ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்களும் இவ்விசையில் வருகின்றன. ஆகவேதான் சேதாரின் மெட்டுகள் வீணையில் போல் உலோகத்தாலானவை அல்ல. கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பிழைகள். வாசிப்பவர் அவற்றைச் சற்றே நகர்த்திச் சுரத்தைச் சரி செய்துகொள்வார்.

பெயரில் மூன்று தந்தி, கருவியிலோ நான்கு. நான்காவதைச் சேர்த்தவர் முஷ்தாக் அலி ஷா என்ற சூஃபித் துறவி என்பது மரபுச் செய்தி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென்கிழக்கு ஈரானின் கெர்மான் நகரில் அவரைக் கூட்டமொன்று கல்லெறிந்து கொன்றது. அத்தந்தியை இசைக்கலைஞர்கள் இன்றும் 'முஷ்தாக்' என்றே அழைக்கின்றனர்.