குற்றவியல் கற்கும் நம் பிள்ளைகள்

அமிர்தகழியிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளை, சமூகவியற் பட்டத்திலே குற்றவியலையும் ஒரு பாடமாகத் தெரிந்தெடுத்தால், வீட்டில் எழும் முதற் கேள்வி, "என்ன மனே, பொலிசிலயா சேரப் போறாய்?" என்பதுதான். சட்டத்தரணியாவதற்கு இதுவே வழியென எண்ணுவோரும் உளர். இரண்டுமன்று. சட்டம் பயில்வோர் இன்ன செயலுக்கு இன்ன தண்டனை என்று கற்கின்றனர். ஒரு செயல் குற்றமென வகுக்கப்பட்டது எவ்வாறு, அது ஓரூரில் மிகுந்தும் வேறோரூரில் அருகியும் காணப்படுவதேன், தண்டனை அதனைக் குறைத்ததா என்பன சமூகவியல் மாணவரின் வினாக்கள்.

இதன் பயனை அறிய மேனாடு செல்ல வேண்டியதில்லை. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசு தூக்குத்தண்டனையை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் இயற்றிற்று. தூக்குமேடையை மூடினால் கொலை பெருகுமென அஞ்சியோர் பலர். அவ்வச்சம் மெய்யா என ஆராயப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. ஓராண்டின் தொகையைக் கண்டு கலங்காமல், பல்லாண்டுக் கொலைக் கணக்குகளை ஒப்புநோக்கிய அக்குழு, தூக்கு இருந்தமையாற் கொலை குறைந்ததென்பதற்குச் சான்றில்லை எனக் கண்டது. அதனை மீளக் கொணர வேண்டாமென 1959இல் விதந்துரைத்தது.

ஆனால் 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவே சுடப்பட்டு, மறுநாள் மரணமானார். அவ்வாண்டிலேயே தூக்கு மீண்டது. சுட்ட சோமராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஆணைக்குழுவின் கணக்கு அப்படியே இருக்க, நாட்டின் சினம் முந்திக்கொண்டது. தண்டனை என்பது குற்றவாளியை விடச் சமுதாயத்தின் உணர்ச்சியையே மிகுதியாகக் காட்டுகிறது என்னும் பிரெஞ்சு அறிஞர் எமில் டூர்க்கைமின் கருத்துக்கு இதனிலும் தெளிந்த உதாரணம் நமக்குக் கிடைப்பதரிது. இலங்கையில் இறுதியாகத் தூக்கிடப்பட்டது 1976இல். 2019இல் போதைப்பொருட் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி கையொப்பமிட, உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்திற்று. அப்போதும் அதே பழைய வினாத்தான் எழுந்தது.

குற்றமென்பதன் எல்லையும் நகர்வதுண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைக் கோவை தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது; 1998இலேதான் அப்பிரிவு நீக்கப்பட்டது. அதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடந்தவர் நோயாளியாகவும் குற்றவாளியாகவும் இருந்தார்!

நம் மட்டக்களப்பில் இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பனவல்ல. தாய்வழிக் குடியும் கோயிலும் உறவினரும் பிள்ளைகளைக் கண்காணித்த ஊர்கள் இவை. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எத்தனையோ குடும்பங்களை இடம்பெயர்த்தன. அந்தக் கண்காணிப்பு எங்கே தளர்ந்தது, எங்கே நிலைத்தது என்பதை வீடுவீடாய்ச் சென்று விசாரிப்பதற்கு இவ்வூர்ப் பிள்ளைகளிலும் தகுந்தவர் யார்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதான மகனைத் தேடிச் சிறைவாசலில் நின்ற தாய்மாரை அறிந்த மண்ணிலே, 'குற்றவாளி' என்ற சொல்லை எவரும் இலேசாக உச்சரிப்பதில்லை.

உத்தியோகம் பற்றியும் பெற்றோர் கேட்பது நியாயமே. நன்னடத்தைப் பணி, சிறைச்சாலை நிர்வாகம், சிறுவர் பாதுகாப்பு ஆகிய துறைகளில் இக்கல்வி உதவும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைப்போம்: கணக்குக்கு அஞ்சிக் கலைப்பிரிவில் ஒதுங்கிய பிள்ளைகள் இங்கே புள்ளிவிபரவியலிடம் மீண்டும் அகப்பட்டுக்கொள்கின்றனர்.