ஒரு மானும் ஒரு லொறியும்

குருநகரில் ஏற்றிய மீனுடன் எமது லொறி யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது மாலை ஆறரை மணி. பெட்டிகளில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, பாரையும் விளைமீனும் அடுக்கப்பட்டிருந்தன. பொழுது புலருமுன் அவை பேலியகொடை மீன் சந்தையைச் சேர்ந்துவிட வேண்டும்.

சாரதிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு முன்னால், பிள்ளையார் படத்தின் ஓரத்தில், அரும்பு மீசையுடன் கூடிய ஓர் இளைஞனின் சிறிய புகைப்படம் செருகப்பட்டிருந்தது.

"மகனா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை.

ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி எல்லாம் பின்னே போயின. முறிகண்டியில் வண்டி நின்றது. கண்டி வீதியால் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை என்பதை வாசகர்கள் அறிவர். கற்பூரம் கொளுத்தினோம், தேங்காய் உடைத்தோம், ஆளுக்கொரு சுருள் கடலை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினோம்.

மாங்குளத்தையும் கனகராயன்குளத்தையும் கடந்தபின் இருமருங்கும் காடு. திடீரென்று வீதியோரத்தில் இரண்டு பொற்பொட்டுகள் மின்னின. நான் வாய் திறப்பதற்குள் சாரதியின் கால் பிறேக்கை அழுத்திவிட்டது. கைகளோ ஸ்ரியறிங்கை அசையவிடாது இறுகப் பிடித்திருந்தன. விளக்கைத் தாழ்த்தினார், ஹோர்ணை ஒரு முறை நீளமாக ஒலித்தார். புள்ளிமான் ஒன்று ஒரே பாய்ச்சலில் வீதியைக் கடந்து மறைந்தது.

"போய்விட்டதே, விடுங்கள்" என்றேன்.

"பொறு தம்பி. மான் தனியே வருவதில்லை."

அவர் சொல்லி முடிக்கவில்லை. இரண்டாவது மான் வந்தது, மூன்றாவது வந்தது, ஈற்றில் கால் தடுமாறியபடி ஒரு குட்டியும் வந்தது. அவை யாவும் போனபின்னரே வண்டி நகர்ந்தது.

கண் கூசினால் கால் ஓடாது

மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி வீசும் படலம் ஒன்று உண்டு. இருளிலே கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் வீணாக்காமல் இருமுறை பயன்படுத்த இயற்கை அளித்த வசதி அது. தூரத்தில் அதன் கண்கள் மின்னுவதும் இதனாலேயே. ஆனால் அந்தியிலும் விடியலிலும் மேய்வதற்கென அமைந்த அக்கண்கள் லொறியின் பெருவிளக்கைத் தாங்கமாட்டா. பார்வை மங்கிய மான் அசையாது நின்றுவிடுகிறது. அல்லது ஓடவேண்டிய திசையை விட்டு வண்டியை நோக்கியே பாய்கிறது. விளக்கைத் தாழ்த்தினால் அதற்கு வழி தெரிகிறது.

மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் செல்கிறது. கண் கண்டதைக் கால் செய்துமுடிக்கவே ஒரு விநாடிக்கு மேலாகிறது. பிறேக் பிடித்தபின்னரும் பாரமேற்றிய லொறி காய்ந்த தாரில் இன்னும் 25, 30 மீற்றர் ஓடியே நிற்கும். ஆக, மானைக் கண்ட இடத்திற்கும் வண்டி நிற்கும் இடத்திற்கும் இடையே 50 மீற்றர் வரை இருக்கிறது. தாழ்த்திய விளக்கு காட்டும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. 80 கிலோ மீற்றர் வேகமாயின் அந்த 50 மீற்றர் 75 ஆகிவிடும். விளக்கு காட்டாத இருளுக்குள் சாரதி குருடராகவே பாய்கிறார் என்பது இதன் பொருள். மழை நாளிலோ சொல்லவே வேண்டியதில்லை.

"அந்தப் பையன்"

வவுனியாவில் தேநீர் குடித்தோம். அங்கேதான் அவர் வாய் திறந்தார்.

"2009 இல் பாதை திறந்தது. மறு ஆண்டு, மதவாச்சிக்கு அப்பால், இதைப்போல ஒரு மான் வந்தது. பாவம் என்று எண்ணி ஸ்ரியறிங்கை வெட்டித் திருப்பினேன். வெங்காய மூடைகள் ஒரு பக்கம் சாய்ந்தன, லொறி புரண்டது. மான் பிழைத்துப் போய்விட்டது. என் பக்கத்தில் இருந்த கிளீனர்ப் பையன் பிழைக்கவில்லை. அவன் படம்தான் தம்பி அது."

எனக்குப் பேச நா எழவில்லை. உயரமாகப் பாரம் ஏற்றிய லொறியைச் சடுதியாகத் திருப்பினால் பாரம் ஒரு பக்கம் ஒதுங்கி வண்டியைக் கவிழ்த்துவிடும். கவிழாவிடினும் எதிரே பஸ் வரலாம். ஓரத்தில் பாலை மரம் நிற்கலாம். ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள மானுக்காக மனித உயிர்கள் பறிபோகக்கூடும். ஆகவே நேரே பிடித்து, பிறேக்கை அழுத்துவதே முறை.

"அப்படியானால் மானுக்கு இரக்கம் காட்டவே கூடாதா?" என்று கேட்டேன்.

"காட்டவேண்டும். ஆனால் கையால் அல்ல, காலால். மானைக் காணுமுன்பே வேகத்தைக் குறைப்பவனே இரக்கமுள்ளவன். கண்டபின் காட்டும் இரக்கம் காலங்கடந்தது."

யானைக்கு வேறு நியாயம்

எனினும் எல்லா விலங்குக்கும் ஒரே விதி பொருந்தாது. திருகோணமலைக்குச் சாமான் ஏற்றிய காலத்தில் ஹபரணைக் காட்டில் அவர் யானைகளைப் பலமுறை சந்தித்திருக்கிறார்.  யானையின் நிறமும் இரவும் ஒன்றாகிவிடும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிற்கவேண்டும்; ஹோர்ண் அடிக்கலாகாது; விளக்கை மினுக்கலாகாது; இயந்திரத்தை நிறுத்தாமல், தேவைப்பட்டால் மெல்லப் பின்வாங்க வேண்டும். வாழைப்பழம் எறிவது தருமமன்று. உணவு கிடைத்துப் பழகிய யானை அடுத்த வண்டியையும் மறிக்கும். புத்தளை – கதிர்காமம் வீதியில் யானைகள் வண்டிகளை மறிப்பது அவ்வாறு பழக்கியதன் விளைவே.

காட்டு விலங்குகள் மட்டுமா? மாரி இரவுகளில் சூடாறாத தாரின்மேல் கட்டாக்காலி மாடுகள் படுத்துறங்குகின்றன. கறுத்த எருமை, விளக்குப் படும்வரை தென்படாது. அறுவடை முடிந்ததும் பாதி வீதியில் நெல் காய்கிறது. நெல்லை அள்ளியவர்கள் ஓரத்துக் கற்களை அப்படியே விட்டுச் செல்கின்றனர். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரமும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் பொல்லாதது நித்திரை. அதிகாலை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மனித உடல் தன்னியல்பாகவே உறக்கத்தை நாடுகிறது. கண் சில விநாடி செருகினால் வண்டி நூறு மீற்றர் ஓடிவிடும். முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுக் கடலை கொறிக்கும் வழக்கம் பக்தி மாத்திரமன்று. நம் முன்னோர் சாரதிக்கு அளித்த ஓய்வும் அதுவே என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் கூறவேண்டும். மோதுண்ட மானை இறைச்சிக்காக ஏற்றிச் செல்வோர் சிலர் உளர். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானுக்கும் மரைக்கும் காவலாக நிற்கிறது. காயப்பட்ட விலங்கைத் தொடாமல், வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கோ அண்மையிலுள்ள பொலீசாருக்கோ அறிவிப்பதே கடமை.

அதிகாலை நான்கு மணியளவில் பேலியகொடையை அடைந்தோம். எதிர்பார்த்த நேரத்துக்கு அரை மணி பிந்திவிட்டது. முதலாளியின் ஆள் கடிகாரத்தைக் காட்டிக் கடிந்துகொண்டான். "வழியில் மான் நின்றது" என்று மாத்திரம் சாரதி பதில் சொன்னார். அவன் நகைத்தான்.

லொறி உரிமையாளர்க்கும் வியாபாரிகட்கும் ஒரு வார்த்தை: சாரதியின் வேகத்தைத் தீர்மானிப்பது அவருடைய கால் மட்டுமன்று, நீங்கள் குறிக்கும் நேரமுமாகும். அரை மணி பிந்தினால் மீனின் விலை சற்று இறங்கும். மறுநாள் ஏறவும் கூடும்.

பெட்டிகள் இறங்கின. சாரதி முகம் கழுவி வந்து, பிள்ளையார் படத்தைத் துடைத்தார். பின்பு அந்தச் சிறு புகைப்படத்தையும் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே மீண்டும் செருகினார்.