ஹைட்ரஜன் காருக்காகக் காத்திருக்கலாமா?

தலைநகரில் வாழும் நம்மவர் வீடுகளில் கார் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் இப்போது ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது. "மின்சாரக் கார் வாங்கிவிடலாமா, அல்லது நாலைந்து வருடம் பொறுத்து ஹைட்ரஜன் காராகவே வாங்கிக் கொள்ளலாமா?" என்பதே அது. இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் காரில் பாராளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். 2023 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஹைட்ரஜன் பஸ்கள் கர்தவ்ய பாதையில் கொடியசைத்துத் தொடங்கி வைக்கப்பட்டன. 'மிராய்' என்ற ஜப்பானியச் சொல்லுக்கே 'எதிர்காலம்' என்றுதான் பொருள்.

ஒரு கார் என்பது நடுத்தரக் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. அதைப் போடுமுன் இரண்டு வகைக் கார்களையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. வீட்டு மின்சார பில்லைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இரண்டுமே மின்சாரக் கார்தான்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் காரில் சக்கரத்தைச் சுழற்றுவதும் மின்மோட்டார்தான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

ரயில்வேயிலிருந்து உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். வாரணாசியில் 1964 முதல் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. டீசல் ஒரு ஜெனரேட்டரை ஓட்டும்; ஜெனரேட்டர் தரும் மின்சாரம் சக்கரங்களோடு இணைந்த மோட்டார்களை ஓட்டும். அதாவது அது தண்டவாளத்தில் ஓடும் ஒரு சிறு மின்நிலையம். ஹைட்ரஜன் காரும் அந்த இனம்தான். டீசல், ஜெனரேட்டர் இரண்டுக்கும் பதிலாக அதில் 'ஃபியூயல் செல்' எனும் எரிபொருள் மின்கலம் இருக்கிறது.

தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதையே திருப்பிச் செய்வது எரிபொருள் மின்கலம். தொட்டியிலுள்ள ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதில் சேரும்போது மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கின்றன. நெருப்பில்லை, புகையில்லை. வேல்ஸ் நாட்டு விஞ்ஞானி வில்லியம் குரோவ் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செய்து காட்டியது இது. நிலாவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களில் மின்சாரம் தந்ததும், விண்வெளி வீரர்களுக்குக் குடிநீர் தந்ததும் இத்தகைய மின்கலங்களே.

பாட்டரி காரில் இந்த மின்நிலையம் கிடையாது. வீட்டிலோ வெளியிலோ பெற்ற மின்சாரத்தைச் சேமித்து வைத்துச் செலவழிக்கிறது, அவ்வளவுதான்.

நூறு கிலோமீட்டர் கணக்கு

மிராய் காரின் தொட்டிகளில் 5.6 கிலோ ஹைட்ரஜன் கொள்ளும். சாலையில் 1 கிலோவுக்குச் சுமார் 100 கி.மீ. ஓடும் என்று வைத்துக் கொள்ளலாம்.

அந்த 1 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 55 யூனிட் மின்சாரம் தேவை. காருக்குள் ஏற்றுவதற்கு அதைக் காற்றழுத்தத்தைப் போல் 700 மடங்கு அழுத்த வேண்டும், குளிரவைக்க வேண்டும். அதையும் சேர்த்தால் சுமார் 60 யூனிட். அதே அளவுள்ள பாட்டரி கார் 100 கி.மீ. ஓட, சார்ஜ் செய்வதில் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்து, சுமார் 20 யூனிட் போதும். சிறிய கார் என்றால் இன்னும் குறையும்.

ஆக, ஒரு ஹைட்ரஜன் கார் ஓட ஆகும் மின்சாரத்தில் மூன்று பாட்டரி கார்கள் ஓடும்.

"விஞ்ஞானம் வளர வளர இது சரியாகிவிடாதா?" என்று கேட்கலாம். ஓரளவு சரியாகும். ஆனால் 1 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க எவ்வளவு சிறந்த கருவி வந்தாலும் 39 யூனிட்டுக்குக் குறைவான சக்தி போதாது. இது இயற்கை வகுத்த எல்லை. எந்தத் தொழிற்சாலையும் அதைத் தாண்ட முடியாது. அந்த எல்லையைத் தொட்டாலும் பாட்டரி காரைவிட ஏறக்குறைய இரு மடங்கு மின்சாரம் செலவாகும். பத்து வருடம் காத்திருந்தாலும் இந்த இடைவெளி மறையாது என்பதற்கு இதுவே காரணம்.

புகைக் கணக்கு

குளிர்காலத்தில் டில்லிக் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு இரண்டு கார்களும் பின்னால் புகை விடுவதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் மின்நிலையத்தில் எழும் புகையையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. 1 யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. அதன்படி 100 கி.மீ. ஓட பாட்டரி காருக்கு 14 கிலோ. அதே மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து ஓட்டினால் 42 கிலோ. ஒரு பெட்ரோல் காருக்கே 16 கிலோ அளவில்தான் ஆகும்!

உலகில் இன்று பெரும்பாலான ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருவதில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து எடுத்தால் 1 கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கரியமிலவாயு. அழுத்துவதும் எடுத்துச் செல்வதும் சேர்ந்தால் பாட்டரி காரை ஏறக்குறைய எட்டிவிடும். மேலும் நம் எரிவாயுவில் பாதியளவு இறக்குமதி. சூரிய சக்தி பெருகப் பெருக பாட்டரி காரின் கணக்கு தானே குறைந்துகொண்டு வரும். எரிவாயுக் கணக்கு அப்படிக் குறையாது.

நிரப்ப எங்கே போவது?

ஹைட்ரஜனுக்கு உள்ள பெரிய வசதி நேரம். ஐந்து நிமிடத்தில் தொட்டி நிரம்பும். ஒரு முறை நிரப்பினால் 500 கி.மீ.க்கு மேல் போகலாம். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நிரப்பும் நிலையம் வேண்டுமே! ஹைட்ரஜன் மிக இலேசான வாயு. அதிக அழுத்தத்தில் குழாய்களில் அடைத்துச் செல்லும் ஒரு பெரிய டிரெய்லர் லாரி கூடச் சில நூறு கிலோதான் கொண்டு போகும். 300 கிலோ என்றால் 60 கார்களுக்குப் போதும். 20,000 லிட்டர் பெட்ரோல் டாங்கர் ஒன்று 500 கார்களுக்கு மேல் நிரப்பும். ஹைட்ரஜன் பங்க் நடத்துவது ஏன் இலாபமாக இல்லை என்பது இதிலிருந்தே புரியும்.

அமெரிக்காவில் ஹைட்ரஜன் கார்கள் அதிகமாக ஓடும் மாநிலம் கலிபோர்னியா. 2024-இல் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது. காரை வாங்கியவர்கள் எஞ்சிய நிலையங்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனி தயாரித்த நல்ல காராக இருந்தும், எரிபொருள் இல்லாமல் நிற்கும் நிலை அவர்களுக்கு.

ரயில்வே சொல்லும் பாடம்

ஹைட்ரஜன் ரயில்கள் பற்றியும் செய்திகள் வருகின்றன. ஹரியானாவில் ஜிந்த்–சோனிபட் தடத்துக்கென உருவான ரயிலின் என்ஜின் பெட்டி 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.-இல் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. நம் பெரம்பூர்த் தொழிலாளர்களின் கைவண்ணம் இது. பெருமைப்பட வேண்டிய விஷயம். இத்தொழில்நுட்பத்தைக் கற்று வைத்திருப்பதும் அவசியம்.

ஆயினும் இத்துறையில் முன்னோடியான ஜெர்மனியைப் பாருங்கள். லோயர் சாக்சனி மாநிலத்தில் 2018-இல் ஹைட்ரஜன் ரயில் பயணிகளுடன் ஓடத் தொடங்கியது. 2022-இல் ஒரு தடம் முழுவதற்கும் 14 ரயில்கள் வந்தன. 2023-இல் அதே மாநிலம், மீதமுள்ள டீசல் ரயில்களுக்குப் பதிலாகப் பாட்டரி ரயில்களை வாங்கத் தீர்மானித்தது. ஓட்டும் செலவு குறைவு என்பதே அவர்கள் சொன்ன காரணம். நம் ரயில்வேயும் அகலப்பாதைத் தடங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் 25,000 வோல்ட் மின்கம்பி போட்டுவிட்டது. மின்சாரத்தை நேராகப் பயன்படுத்த முடிந்த இடத்தில் நேராகவே பயன்படுத்துவதுதான் சிக்கனம்.

அப்படியானால் ஹைட்ரஜன் வீணா? இல்லவே இல்லை. உரத் தொழிற்சாலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் அது இன்றும் தேவை. எஃகு உருக்குவதில் நிலக்கரிக்கு மாற்றாக வரக்கூடியது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. கனரக லாரிகளுக்கும் ஒருவேளை உதவலாம். குடும்பக் காருக்கு அது பொருந்தாது.

பாட்டரி கார் வாங்குவோர் கவனிக்க

பாட்டரி காருக்கும் குறைகள் உண்டு. வாங்கும் விலை அதிகம். வெளியில் வேகமாகச் சார்ஜ் செய்தாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். கம்பெனி விளம்பரத்தில் 300 கி.மீ. என்றால் ஏ.சி. போட்டு ஓட்டும்போது 200 என்று கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கார் நிறுத்துமிடத்தில் பிளக் உண்டா என்பதை. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இரவு பத்து மணி நேரம் போட்டால் 30 யூனிட் ஏறும். மறுநாள் ஓட்டத்துக்கு அது தாராளம். துவாரகா, மயூர் விஹார் போன்ற இடங்களில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் சொசைட்டியிடம் முன்னதாகவே பேசி முடிக்க வேண்டும். வீட்டில் உள்ள மின் இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்து கொள்ளலாம் என்று மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டலாம். அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாட்டரியைப் பேணுதல். ரயில் பெட்டிகளின் அடியில் இருக்கும் பாட்டரிகளை வருடக்கணக்கில் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பாட்டரிக்கும் வெயிலும், அடியோடு வற்ற விடுவதும் ஆகாது. தினசரி உபயோகத்தில் 20-க்கும் 80-க்கும் இடையே வைத்துக் கொண்டால் நீடித்து உழைக்கும். எட்டு வருட உத்தரவாதம் தரும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.

செலவையும் பார்ப்போம். யூனிட் 8 ரூபாய் என்றால் 100 கி.மீ.க்கு 160 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 15 கி.மீ. ஓட்டம் என்றால் 667 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய் மிச்சம். மாதம் 200 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு மிச்சம் ஆயிரம்தான். அவர்கள் இருக்கிற காரையே வைத்துக் கொண்டு மெட்ரோவில் போவது உத்தமம்.

கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊருக்குப் போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சென்னை 2,200 கி.மீ. வழியில் பத்துத் தடவையாவது நின்று சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். அதற்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதுவும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.