துவிச்சக்கரவண்டி கற்பித்த பாடம்

இலத்திரனியலைத் தாமாகவே கற்க விரும்பும் மாணவர் பலர், எந்த நூலிலிருந்து தொடங்குவது என்று என்னை வினவுவதுண்டு. அவர்களுக்கு நான் விடையாகக் கூறுவது என் சிறுபராயத்து அனுபவம் ஒன்றையே.

1990ஆம் ஆண்டின் பின் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் உதவியால் வானொலி கேட்டோம். டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று ஆடலோட்டம். அது கணத்துக்குக் கணம் திசை மாறுவது. வானொலிக்கு வேண்டுவதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். ஆதலால் இடையே நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்தல் வேண்டும். இருவாயி ஒரு புறம் மட்டுமே திறக்கும் கதவு. கொள்ளளவி ஏற்றவிறக்கத்தைத் தணிக்கும் தொட்டி.

அயல்வீட்டில் இருந்ததைப் பார்த்து நானும் அவ்வாறே பொருத்தினேன். மாலையில் பி.பி.சி. தமிழோசை கேட்க அயலவர் முற்றத்திற் கூடினர். பாதை திறந்தாற் கொழும்பிலிருந்து அண்ணர் வருவாரென்று அம்மாவும் காத்திருந்தார். மிதியைச் சுழற்றினேன்; வானொலி வாய்திறக்கவில்லை. செய்தி நேரம் கழிந்தது. அம்மா ஒன்றும் கூறாது உள்ளே சென்றுவிட்டார்.

அன்றிரவு குப்பிவிளக்கின் ஒளியிற் சுற்றைத் தாளில் வரைந்து, மின்னோட்டம் புறப்படும் முனையிலிருந்து திரும்பும் முனைவரை விரலாற் தொடர்ந்து சென்றேன். ஓர் இருவாயியின் வெள்ளிக்கோடு மறுபுறம் நோக்கியிருந்தது. ஒரு திசை ஓட்டம் வானொலியை அடையாமலே குறுக்குவழியால் மீண்டது. மறு திசையில் ஓட்டமே இல்லை. திருத்தினேன். மறுநாள் வானொலி பேசிற்று.

பார்த்துப் பொருத்தியபோது நான் எதனையும் கற்கவில்லை. பிழையின் காரணத்தைத் தேடியபோதே கற்றேன்.

இன்று தொடங்குவோருக்கு 9 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றும், செந்நிற ஒளிகாலும் இருவாயி ஒன்றும், 470 ஓம் தடையி ஒன்றும் போதும். மூன்றையும் தொடராக இணையுங்கள். ஒளிகாலும் இருவாயி ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 7 வோல்ற்று தடையியிற் படும். 7ஐ 470ஆல் வகுத்தால் ஓட்டம் ஏறக்குறைய 15 மில்லியம்பியர். முதலிற் கணியுங்கள்; பின்னர் பல்மானியால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒவ்வாவிடின் சோர்வடைய வேண்டாம்; பாடம் அங்கேதான் ஆரம்பமாகின்றது.

வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற்றை மாத்திரம் தீண்டாதீர்கள். பிழைவிட்டுக் கற்பதற்கு உரிய இடம் அதுவன்று.