கதவில்லாத தொலைபேசி

1995 ஜூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். நம் நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு அதுவே. அந்நாளில் வெளியூருக்குப் பேச நாம் நாடியது தெருமுனை எஸ்.டி.டி. பூத். அதன் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். நம் குடும்பச் செய்தி தெருவுக்குக் கேட்காது. தெருவின் அமைதியையும் நம் குரல் குலைக்காது. தொலைபேசி நம் சட்டைப்பைக்குள் வந்தபோது அந்தக் கதவு மட்டும் உடன் வரவில்லை.

விளைவை நாள்தோறும் காண்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் இரயில் பெட்டியில் உரக்கப் பேசுதல் கூடாது, இயர்போன் இன்றிப் பாடல் ஒலிக்கவிடுதல் கூடாது என்று இரயில்வே நிர்வாகமே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலும் பேருந்திலும் ஒருவரது உரையாடலை ஐம்பது பேர் கேட்க நேர்கிறது.

இது நாகரிகக் குறைவு மட்டுமன்று, பணத்தோடும் தொடர்புடையது. வங்கிக் கிளையில் டோக்கனுடன் காத்திருக்கும்போதே கணக்கு எண், பிறந்த தேதி, பற்று அட்டையின் எண் ஆகியவற்றைக் கைப்பேசியில் உரக்க ஒப்பிப்போர் உண்டு. தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டத் துணியாத விவரங்களை நாம் ஏன் அறிமுகமற்றோர் செவிகளில் போட வேண்டும்?

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பொது இடம் என்பது ஒருவருக்கொருவர் காவலாக இருக்கும் இடம். முகம் வாடி நிற்பவரிடம் "என்ன ஆயிற்று ஐயா?" என்று கேட்க ஒருவரேனும் இருப்பார். இன்றோ வரிசையில் நிற்கும் பலரும் தத்தம் திரையில் ஆழ்ந்திருக்கிறோம். 'டிஜிட்டல் கைது' மோசடிக்காரர்களுக்கு இது வாய்ப்பாகிறது. காவல்துறை, சி.பி.ஐ., சுங்கத்துறை என்று கூறி அச்சுறுத்துகிறார்கள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, எவரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளையிடுகிறார்கள். வைப்புத்தொகையை முடித்துப் பணத்தை அனுப்பும்வரை பிடியைத் தளர்த்துவதில்லை. அழைப்பில் சிக்கியவர் கூட்டத்தின் நடுவே நின்றும் தனியராகிறார்.

டிஜிட்டல் கைது என ஒன்று நம் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரும் இதைச் சுட்டிக்காட்டி, நின்று, சிந்தித்து, பின்னர் செயல்படுமாறு கேட்டுக்கொண்டார்.

மூத்த வாடிக்கையாளர் ஒருவர் முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முடித்து, அறியாத கணக்குக்கு அனுப்ப விரைந்தால், நாங்கள் காரணம் கேட்கிறோம். "என் பணம், உங்களுக்கென்ன?" என்று சிலர் வருந்துவதுண்டு. அக்கேள்வி ஐயத்தால் எழுவதன்று; அக்கறையால் எழுவது. அழைப்பைத் துண்டித்துவிட்டு ஐந்து நிமிடம் எங்களோடு அமர்ந்து பேசினால், ஆயுட்காலச் சேமிப்பு தப்பக்கூடும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை எளியவை. பொது இடத்தில் தாழ்ந்த குரலில், சுருக்கமாகப் பேசுவோம். பணம் பற்றிய பேச்செனில் ஒதுங்கிச் சென்று பேசுவோம். யு.பி.ஐ. கடவு எண்ணை இடும்போது திரையைக் கையால் மறைப்போம். ஓ.டி.பி.யை எவரிடமும், வங்கி அலுவலர் என்று சொல்பவரிடமும், கூறாதிருப்போம். பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைப்போம். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு மிகுதி.

இன்னும் ஒன்று. அடுத்த முறை கிளைக்கு வருகையில், வரிசையில் சற்றே தலைநிமிர்ந்து பாருங்கள். காதில் கைப்பேசியை அழுத்திக்கொண்டு, நடுங்கும் கையால் படிவம் நிரப்பும் பெரியவர் எவரேனும் அருகில் இருந்தால், ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லது எங்களிடம் வந்து சொல்லுங்கள்.