நான்காவது மூலை

நம் கத்தோலிக்க இல்லங்களுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது திருஇருதய ஆண்டவரின் படம். குடும்பங்களில் திருஇருதயத்தை அரசராக ஏற்படுத்தும் முயற்சியை மத்தேயோ கிராலி என்னும் குரு 1907-ஆம் ஆண்டில் தொடங்கினார். அது நம் ஊர்களிலும் வேரூன்றியது. அப்படத்தின் அருகே பெற்றோரின் திருமணப் புகைப்படம் தொங்கும். இவ்விரண்டையும் நாள்தோறும் பார்க்கிறோம். அவற்றைத் தாங்கும் சட்டத்தை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

நாமும் பார்க்கவில்லை. ஒரு மழைக்காலத்தின் முடிவில், எம் பெற்றோரின் படம் மங்கியிருக்கக் கண்டு சுவரிலிருந்து இறக்கினோம். பின்புற அட்டையைக் கறையான் தின்றிருந்தது. சுவரின் ஈரம் உள்ளே புகுந்து, புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெல்ல உரித்தோம். தந்தையாரின் உருவம் தாளோடு வந்தது. மறைந்த அன்னையாரின் முகமோ கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவருடைய இளமைக்கு வேறு படம் இல்லை. மலிவான சட்டத்தின்மேல் பழிபோட மனம் எண்ணியது. ஆனால், 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அதைத் திருப்பிப் பாராதவர் நாமே அன்றோ!

இனிச் சட்டங்களை நம் கையாலேயே செய்வோம் என்று, மகனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வேலையில் இறங்கினோம். வேலை எளிதாகவே தோன்றியது. நான்கு மரத்துண்டுகளின் முனைகளை 45 பாகைச் சாய்வில் அறுத்து இணைக்கவேண்டும், அவ்வளவே. மூன்று மூலைகள் நன்கு பொருந்தின. நான்காவது வாய் பிளந்து நின்றது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அதில் அடைத்தோம்.

எங்கள் பங்கைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவர் அதைக் கண்டு நகைத்தார். "தம்பி, பிழை நாலாவது மூலையில் இல்லை; முதல் அறுப்பிலேயே இருக்கிறது. கடைசி மூலை அதைக் காட்டிக்கொடுக்கிறது" என்றார். கணக்கிட்டால் உண்மை விளங்கும். ஒரு சட்டத்தில் 8 அறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக 1 பாகை பிசகினால், இறுதி மூலையில் 8 பாகை இடைவெளி!

அவரிடம் கற்றதை வாசகர்களுக்கும் சொல்கிறோம். மரம் நன்கு உலர்ந்திருக்கவேண்டும், தேக்காயின் சிறப்பு. ஈரமரம் உலரும்போது நீளத்தில் அநேகமாகக் குறையாது, அகலத்தில் சுருங்கும். அதனால் மூலைகள் உட்புறமாகத் திறந்துகொள்ளும். இழைப்புளியால் இழைத்தபின், கண்ணாடி அமர்வதற்கு உள்விளிம்பில் காடி எடுக்கவேண்டும். கண்ணாடியின் அளவைவிட 2 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது நலம். எதிரெதிர்ப் பக்கங்கள் மயிரிழையும் பிசகாமல் ஒரே நீளமாயிருக்கவேண்டும். பசை பூசியதும் மூலைகளில் சிறு கட்டைகளை வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி முறுக்கினால் நான்கும் ஒருசேர இறுகும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் சமமா என்று பார்க்கவேண்டும். மரத்தின் வெட்டுமுனையில் பசை மட்டும் நெடுநாள் நில்லாது. ஆகவே காய்ந்தபின், மூலையில் மெல்லிய வாள்வெட்டு இட்டு மரச்சில்லைச் செருகி ஒட்டவேண்டும். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியலாகாது. அது தானாகவே தீப்பற்றக் கூடும்.

புகைப்படமானால், கண்ணாடியைத் தொடாதபடி நடுவே தடித்த அட்டை விளிம்பு வைக்கவேண்டும். சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகளில் இரு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலவும். இந்தச் சிறு செயல்கள் எங்கள் அன்னையின் முகத்தைக் காத்திருக்கும்.

இரண்டாவது சட்டத்துக்கு நான்கு சனிக்கிழமைகள் ஆயின. அறுத்த முனையை மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்த மகன், "அப்பா, இதை இப்போதே திருத்திவிடுவோம்" என்றான். அவனோடு அத்தனை மணி நேரம் நாம் அருகமர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. குடும்பங்களிலும் பிளவு தோன்றும் இடம் வேறு, தொடங்கிய இடம் வேறு என்பதை அன்று உணர்ந்தோம். 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். நாசரேத்தின் தச்சுப்பட்டறையிலும் தந்தையும் மகனும் இவ்வாறே அருகருகே நின்றிருப்பர் அல்லவா?

அன்னையாரின் முகம் பதிந்த கண்ணாடியை நாம் துடைக்கவில்லை. தாளை அதன் பின்னே சரியாகப் பொருத்தி, புதிய சட்டத்தில் அமைத்தோம். முகம் சற்று மங்கலே. ஆயினும் இருவரும் மீண்டும் ஒன்றாக நிற்கின்றனர்.

வாசகர்களே, மழை தொடங்குமுன் உங்கள் இல்லத்துப் படங்களை ஒருமுறை இறக்கிப் பின்புறம் பாருங்கள்.