வசைபாடும் மேடைகளும் வாக்காளரின் சலிப்பும்

தேர்தல் வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் பிரச்சார வாகனங்களின் ஒலி ஓய்வதில்லை. ஆனால் அந்த ஒலியில் நம் தெருவின் தேவைகள் எத்தனை முறை கேட்கின்றன? எதிர் வேட்பாளரின் குடும்பத்தையும் பிறப்பையும் பற்றிய ஏளனமே அதிகமாய்க் காதில் விழுகிறது. "எல்லாரும் ஒன்றுதான், எதற்கு ஓட்டு?" என்று நாம் சலித்துக்கொள்கிறோம்.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது சென்னை ஆயிரம் விளக்குத் தொகுதியில் பேசிய தி.மு.க.வின் ஆ. இராசா, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பைக் குறித்துச் சொன்ன சொற்கள் பலரையும் புண்படுத்தின. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யத் தேர்தல் ஆணையம் அவருக்குத் தடை விதித்தது. இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குறை அல்ல. எல்லா மேடைகளிலும் இருக்கிறது.

இதற்கு வரம்பு உண்டா? உண்டு. கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றை விமர்சிக்கலாம். பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்வைத் தொடக்கூடாது என்கின்றன தேர்தல் நடத்தை விதிகள். ஒரு வேட்பாளரின் நடத்தையைப் பற்றி, பொய்யென்று தெரிந்தே எதிர் வேட்பாளர் அவதூறு பரப்பினால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி அது முறைகேடு. அதன் பேரில் வெற்றியே செல்லாமல் போகலாம். முடிவு அறிவித்த 45 நாள்களுக்குள் அத்தொகுதியின் எந்த வாக்காளரும் உயர்நீதிமன்றத்தில் மனு செய்யலாம். விதிமீறலைக் கண்டவுடன் புகார் அனுப்ப 'சி-விஜில்' என்னும் கைப்பேசிச் செயலியும் இருக்கிறது.

ஆனால் நம்மில் பலர் தேர்ந்துகொள்ளும் வழி வீட்டிலேயே இருந்துவிடுவது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் முழுவதும் சுமார் 69.7 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். வெயில், தொடர் விடுமுறை, பட்டியலில் விடுபட்ட பெயர்கள் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. சலிப்பும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். 2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் வந்த 'நோட்டா' நம் அதிருப்தியைப் பதிவு செய்யும். ஆனால் அதுவே அதிக வாக்கு பெற்றாலும், அடுத்து வரும் வேட்பாளரே வென்றவர் ஆவார்.

எண்ணிப் பாருங்கள். சலித்தவர் விலகிக்கொண்டால், வசைக்குக் கைதட்டுகிறவரின் வாக்கே மிஞ்சும். அடுத்த தேர்தலிலும் வசைதான் விலைபோகும்.

எனவே வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் அமைதியாகக் கேட்போம்: 2015இல் அடையாற்று வெள்ளம் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியது, அடுத்த மழைக்குமுன் என்ன செய்யப்போகிறீர்கள்? பதில் சொல்பவரையும், பதிலுக்குப் பதிலாக மற்றவரைப் பழிப்பவரையும் அப்போது நாம் எளிதில் பிரித்தறியலாம். அந்தத் தெளிவோடு வாக்குச்சாவடிக்குச் செல்வோம்.